திருகோணமலைச் சமையலறைக்கு ஏற்ற, பராமரிப்புக் குறைந்த செடிகளைத் தெரிவு செய்வது எப்படி?

சமையலறையில் செடி வளர்க்க ஆசைப்படுகிறவர்களில் பலர் முதலில் கடைக்குப் போய், கண்ணுக்குப் பிடித்த கன்றொன்றை வாங்கிவந்து, அதன் பிறகே அதை எங்கே வைப்பது என்று யோசிக்கிறார்கள். திருகோணமலையில் இந்த ஒழுங்கை மாற்றிக்கொள்வது நல்லது. வைகாசி தொடங்கி ஆவணி வரை வீசும் கச்சான் காற்று, கொடியில் போட்ட துணியைக் காயவைக்கும் வேகத்திலேயே இலையின் ஈரத்தையும் உறிஞ்சிவிடும். ஐப்பசியில் மாரி பிடித்துவிட்டாலோ, அதே சமையலறை நாட்கணக்கில் இருண்டு கிடக்க, சாடியின் மண் காயவே காயாது. இந்த இரண்டு பருவங்களையும், அன்றாடம் எழும் தாளிப்புப் புகையையும் தாங்கி நிற்கக்கூடிய செடிதான் இங்கே பராமரிப்புக் குறைந்த செடி. குளிர்நாட்டு வீடுகளுக்காக எழுதப்பட்ட பட்டியல்களில் முதலிடம் பெறும் பல செடிகள் எங்களூர்க் கச்சானில் வாடிவிடுகின்றன. ஆகவே இடத்தை முதலில் ஆராய்ந்து, அந்த இடத்துக்குச் செடியைத் தேட வேண்டும்.

யன்னல் எந்தத் திசையைப் பார்க்கிறது?

சமையலறையில் செடிக்குக் கிடைக்கும் வெளிச்சம் பெரும்பாலும் ஒரே ஒரு யன்னலிலிருந்துதான் வருகிறது. அந்த யன்னல் கிழக்கைப் பார்த்திருந்தால் உங்களுக்கு அதிக கவலை இல்லை. காலை ஒன்பது, பத்து மணி வரை விழும் இளவெயில் ஏறக்குறைய எல்லாச் செடிகளுக்கும் ஒத்துக்கொள்ளும். உண்பதற்காக வளர்க்கும் மூலிகைகளுக்கு இதைவிடச் சிறந்த இடம் வீட்டுக்குள் கிடையாது. மேற்கைப் பார்த்த யன்னல் இதற்கு நேர்மாறானது. பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு சுடுவெயிலும் கச்சான் காற்றும் ஒரே வழியாக உள்ளே வருவதால், மெல்லிய இலையுள்ள எதுவும் அங்கே கருகிவிடும்; கற்றாழை போன்ற சதைப்பற்றுள்ள செடிகள் மட்டுமே அந்த யன்னலோரத்தில் நிம்மதியாக நிற்கும்.

வடக்கு யன்னலைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு. அது எப்போதும் நிழலானது என்று பலர் எண்ணுகிறார்கள். திருகோணமலை ஏறத்தாழ 8.5 பாகை வடக்கு அகலக்கோட்டில் இருப்பதால், சித்திரைப் பிறப்பை ஒட்டிச் சூரியன் எங்கள் தலைக்கு நேர் மேலே வந்து, பின்னர் ஓகஸ்ட் முடியும் வரை நண்பகலில் வடக்குப் பக்கமாகவே நிற்கிறது. அந்த மாதங்களில் வடக்கு யன்னலுக்குள் காலையும் மாலையும் சாய்ந்த வெயில் நுழையும். கச்சானும் அதே மாதங்களில்தான் வீசுகிறது என்பதை நினைவில் வைத்திருங்கள். தெற்கு யன்னலுக்கு வெயில் கிடைப்பது பெரும்பாலும் மாரியிலும் அதை அடுத்த மாதங்களிலும். வானம் மூடியிருக்கும் காலத்தில் அந்த வெயில் செடிக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

வெளிச்சத்தை அளக்கக் கருவி எதுவும் தேவையில்லை. நண்பகலில் மின்விளக்கை அணைத்துவிட்டு, செடி வைக்க நினைக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, அதற்கு ஒரு சாண் உயரத்தில் உங்கள் கையைப் பிடித்துப் பாருங்கள். விரல்கள் தனித்தனியாகத் தெரியும்படி நிழல் விழுந்தால் மூலிகைகளுக்குப் போதுமான வெளிச்சம் இருக்கிறது. கலங்கிய ஒரு கருமை மட்டும் தெரிந்தால் மணிபிளாண்ட், ரம்பை போன்றவற்றை வைக்கலாம். நிழலே விழாத மூலையானால், மருளும் (ஸ்னேக் பிளான்ட்) ‘ஸெட் ஸெட்’ (ZZ) செடியும் தவிர வேறெதையும் அங்கே வைத்துத் துன்புறுத்த வேண்டாம். அவையும்கூட அங்கே வளர்வதில்லை, பொறுத்துக்கொள்கின்றன, அவ்வளவுதான்.

அடுப்பும் எண்ணெய்ப் படலமும்

அடுப்புக்கு அருகே உள்ள ஒரு தட்டை விரலால் தடவிப் பாருங்கள். பொரியலும் தாளிப்பும் நடக்கும் வீட்டில் அங்கே பிசுபிசுப்பான ஒரு படலம் இருக்கும். அதே படலம் இலையின் மேலும் படிந்து, அதன்மேல் தூசி ஒட்டி, வெளிச்சத்தைத் தடுக்கிறது. கையை எடுத்து இரண்டு விரல்களைத் தேய்த்துப் பார்க்கும்போது ஒட்டுகிறதென்றால், அந்த இடம் செடிக்கு உரியதல்ல. காஸ் அடுப்பிலிருந்து குறைந்தது மூன்றடி தள்ளியே சாடிகளை வையுங்கள். விறகடுப்பு எரியும் குசினியாக இருந்தால், செடியைப் புகை போகும் வழியில் வைக்காமல், காற்று உள்ளே வரும் வாசற்பக்கத்தில் வைப்பதே முறை. அடுப்புக்கு மேலே கொடி படரவிடுவது தீ விபத்துக்கு வழிவகுக்கும். குளிர்சாதனப் பெட்டியின் மேற்பக்கமும் வேண்டாம், பின்புறமிருந்து எழும் வெப்பம் மண்ணைச் சீக்கிரம் காயவைத்துவிடும்.

இதனால் இலையின் தன்மையும் தெரிவில் முக்கியமாகிறது. வழுவழுப்பான, தடித்த இலையை ஈரத்துணியால் துடைத்துவிடலாம். எண்ணெய் அதிகமாகப் படிந்திருந்தால் ஓரிரு துளி சவர்க்கார நீர் சேர்த்துத் துடைத்து, பிறகு நல்ல தண்ணீரால் கழுவலாம். மென்மையான உரோமம் நிறைந்த இலைகளில் எண்ணெய் சிக்கிக்கொள்ளும், துடைத்தால் இலை காயப்படும். ஆபிரிக்கன் வயலட், சில பிகோனியா வகைகள் ஆகியவற்றைச் சமையலறைக்கு நான் பரிந்துரைக்காமல் இருப்பதற்கு இதுவே காரணம். அவை விறாந்தையில் இருக்கட்டும்.

மறந்தாலும் மன்னிக்கும் செடிகள்

செடி வளர்த்துப் பழக்கமில்லாதவர்கள் மருளில் தொடங்குவது நல்லது. கடைகளில் ‘ஸ்னேக் பிளான்ட்’ என்ற பெயரில் கிடைக்கும் மஞ்சள் விளிம்புள்ள வகை மேற்கு ஆபிரிக்காவைச் சேர்ந்தது. ஆனால் இலங்கையின் பழைய பெயரையே தாவரவியற் பெயரில் தாங்கிய ‘செய்லானிகா’ என்ற வகை எங்கள் வறண்ட காட்டுப் பகுதிகளில் இயற்கையாகவே வளர்கிறது. இந்த மண்ணுக்கும் வெப்பத்துக்கும் பழகிய செடி அது. தடித்த இலையில் நீரைச் சேமித்து வைத்துக்கொள்வதால், கச்சான் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும், மாரியில் மாதம் ஒருமுறையும் தண்ணீர் விட்டால் போதும். அது சாவது தாகத்தால் அல்ல, அக்கறை மிகுந்தவர்கள் நாள்தோறும் ஊற்றும் தண்ணீரால்தான். ‘ஸெட் ஸெட்’ செடியும் இதே குணமுடையது. அதன் நீர் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கில் சேமிக்கப்படுகிறது.

மணிபிளாண்ட் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, அது இல்லாத வீடு குறைவு. ஆனால் இரண்டு எச்சரிக்கைகள் அவசியம். ஒன்று, அதன் இலையிலும் தண்டிலும் கல்சியம் ஒக்சலேற்று என்ற ஊசி போன்ற பளிங்குகள் இருக்கின்றன. குழந்தையோ பூனையோ கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். ‘ஸெட் ஸெட்’, பீஸ் லில்லி, அக்லோனீமா, டிஃபன்பாக்கியா ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். கீரையும் கறிவேப்பிலையும் நறுக்கும் பலகைக்குப் பக்கத்தில் இவற்றை வைக்கக் கூடாது. மற்றொன்று, மணிபிளாண்ட் இலங்கையில் ஆக்கிரமிப்புத் தாவரமாகப் பரவியிருப்பதால், வெட்டிய தண்டுகளை வேலிக்கப்பால் எறியாமல் காயவைத்து அழித்துவிடுங்கள்.

சிறு பிள்ளைகளும் பூனையும் உள்ள வீட்டுக்குச் சிலந்திச் செடி பொருத்தமானது. அதில் நஞ்சில்லை, தாய்ச்செடியிலிருந்து தொங்கும் குட்டிகளை நறுக்கி நட்டால் அயலவர்களுக்கும் கொடுக்கலாம். உப்புள்ள நீர் மட்டும் அதற்கு ஆகாது.

இந்தச் செடிகள் சமையலறைக் காற்றைச் சுத்தமாக்கும் என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. 1989 இல் நாசா வெளியிட்ட ஆய்வை இதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். அந்த ஆய்வு மூடிய சிறு பெட்டிகளுக்குள் செய்யப்பட்டது. காற்று வந்துபோகும் வீட்டில் அதே பலன் கிடைக்க வேண்டுமானால் தரை முழுவதும் நெருக்கமாகச் செடிகளால் நிரப்ப வேண்டியிருக்கும். புகைக்கும் காஸ் வாடைக்கும் யன்னலைத் திறப்பதுதான் மருந்து. செடியை அதன் பசுமைக்காகவும் பயனுக்காகவும் வாங்குங்கள், அதுவே போதுமான காரணம்.

கறிக்கும் வைத்தியத்துக்கும் உதவும் செடிகள்

எங்கள் சமையலுக்கென்றே அமைந்த வீட்டுச் செடி ரம்பைதான் என்பது என் உறுதியான எண்ணம். நேர்வெயில் அதற்குத் தேவையில்லை. வெளிச்சமான நிழலும் ஈரமான மண்ணும் கிடைத்தால் போதும், சமையலறையின் நீராவியும் அதற்கு உகந்ததே. இறைச்சிக்கறிக்கும் மஞ்சள் சோற்றுக்கும் நெய்ச்சோற்றுக்கும் வேண்டிய நேரத்தில் ஒரு துண்டு இலை கையெட்டும் தூரத்தில் இருப்பதன் அருமை, சந்தையில் வாடிய கட்டை வாங்கிப் பழகியவர்களுக்குத் தெரியும். விதை தேட வேண்டாம். வளர்ந்த புதரின் அடியில் பக்கக் கன்றுகள் வரும், அவற்றுள் தண்டில் வேர் முளைத்திருக்கும் ஒன்றைக் கிள்ளி எடுத்து நட வேண்டும். முதல் சில மாதங்கள் அது அசையாமல் நிற்பதுபோலத் தோன்றும், பொறுத்திருங்கள். இலை பறிக்கும்போது நடுக்குருத்தைத் தொடாமல், அடியிலுள்ள முதிர்ந்த இலைகளைத் தண்டோடு ஒட்டக் கத்தியால் அறுத்தெடுங்கள். கச்சான் காலத்தில் அதன் இலைநுனி காய்ந்தால், காற்றுப் படாத பக்கத்துக்கு நகர்த்தி, மண் காயாமல் ஒன்றுவிட்ட ஒரு நாள் தண்ணீர் விடுங்கள்.

கற்பூரவள்ளிக்கு யன்னலோர வெளிச்சம் வேண்டும். நான்கு அங்குலத் தண்டொன்றை முறித்து, கீழிலைகளை நீக்கி, ஈரமண்ணில் செருகி ஒரு வாரம் நிழலில் வைத்தால் வேர் பிடித்துவிடும். பிள்ளைகளுக்குத் தடிமன் பிடித்தால் இலையை வாட்டிச் சாறு எடுக்கும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. கடலைமாவில் தோய்த்துப் பொரித்தாலும் சுவைதான். வெளிச்சம் போதாவிட்டால் தண்டு நீண்டு, இலைகளுக்கிடையே இடைவெளி கூடும். அப்போது நுனியைக் கிள்ளிவிட்டு, யன்னலுக்கு இன்னும் நெருக்கமாக வையுங்கள். இதன் இலையும் உரோமமுள்ளதே, உண்ணப்படுவதும்கூட. ஆகவே இதைத் துடைக்க முயலாமல், வாரம் ஒருமுறை குழாயடியில் மெதுவாகக் கழுவி, அடுப்பிலிருந்து எவ்வளவு தூரம் வைக்க முடியுமோ அவ்வளவு தூரம் வைக்க வேண்டும்.

வல்லாரை அகலமான, ஆழம் குறைந்த சாடியில் படர்ந்து வளரும். ஓடும் தண்டின் கணுவொன்றை வேரோடு எடுத்து நட்டால் போதும், சம்பலுக்கு அவ்வப்போது ஒரு பிடி கிடைக்கும். அது எப்போதும் ஈரத்தை விரும்பும் செடி என்பதால், தண்ணீர் விட மறக்கிறவர்களுக்கு ஏற்றதல்ல. புதினாவும் அப்படித்தான். சந்தையில் வாங்கிய கட்டில் உறுதியான தண்டுகளைத் தண்ணீரில் நிறுத்தி, வேர் வந்ததும் மண்ணுக்கு மாற்றுங்கள். கொத்தமல்லியைக் கோடையில் விதைத்தால் இலை விடுவதற்கு முன்பே பூத்துவிடும். மாரி தொடங்கி வெப்பம் தணிந்த பிறகு, கறிக்கு வாங்கும் மல்லியையே இரண்டாகப் பிளந்து ஊறவைத்து விதைத்தால் தை வரை தழை பறிக்கலாம். வெந்தயமோ எந்தக் காலத்திலும் சில நாட்களில் முளைத்துவிடும்.

கற்றாழை மேற்கு யன்னலுக்கு உரியது என்று முன்பே சொன்னேன். சிறு சூட்டுக்காயத்துக்கு அதன் சோற்றைத் தடவுவது வழக்கம். ஆனால் முதலில் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரின் கீழ் காயத்தைப் பிடிக்க வேண்டும், கற்றாழை அதற்குப் பிறகுதான். இலையை வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலை முழுவதும் வடியவிட்டுக் கழுவுங்கள்.

கறிவேப்பிலையையும் துளசியையும் தேசியையும் சமையலறைக்குள் கொண்டுவர வேண்டாம். அவற்றுக்கு நாள்தோறும் பல மணி நேர நேர்வெயில் தேவை; குசினிக் கதவுக்கு வெளியே, கை எட்டும் இடத்தில் நட்டால் அவையும் நன்றாயிருக்கும், உங்களுக்கும் வசதி.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

பூங்கன்று விற்கும் இடத்தில் பூவையும் இலையின் மினுக்கத்தையும் பார்த்து மயங்காமல், சாடியைத் தூக்கி அடித்துளைகளைப் பாருங்கள். வேர் வெளியே சுருண்டு நின்றால் அந்தக் கன்று நெடுநாள் அதே பையில் இருந்திருக்கிறது. இலையைத் திருப்பி, நரம்போரத்தில் பஞ்சுபோன்ற வெள்ளைப் பொட்டுகள் இருக்கின்றனவா என்று கவனியுங்கள். அது வெண்மூட்டுப்பூச்சி, ஒரு கன்றோடு வந்து எல்லாச் சாடிகளுக்கும் பரவும். “அண்ணா, இந்தக் கன்று வெயிலில நிண்டதோ, நிழல் வலைக்குள்ள நிண்டதோ?” என்று கேட்கத் தயங்க வேண்டாம். வலைக்குள் வளர்ந்ததை நேராக யன்னல் வெயிலில் வைத்தால் இலை வெளுத்துக் கருகும். ஓரிரு வாரம் உள்ளே தள்ளி வைத்துப் பழக்க வேண்டும். வாங்குவதற்கு ஏற்ற காலம் முதல் மழை விழுந்த பிறகுதான். ஆனி, ஆடியில் வாங்கும் கன்றுக்கு இரட்டிப்புக் கவனிப்புத் தேவைப்படும்.

சாடி, மண், தண்ணீர்

சாடி எதுவாயினும் அடியில் துளை இருக்க வேண்டும். ஐஸ்கிரீம் பெட்டியும் பால்மா டின்னும்கூடப் போதும், பிளாஸ்டிக் பெட்டியில் ஆணியைச் சூடாக்கியும் டின்னில் ஆணியை அடித்தும் நான்கைந்து துளை இட்டுக்கொள்ளலாம். தோட்டத்து மேல்மண், கூட்டெரு, தும்புத்தூள் மூன்றையும் சம அளவில் கலந்தால் பெரும்பாலான செடிகளுக்கு ஏற்ற கலவை கிடைக்கும். மருளுக்கும் கற்றாழைக்கும் தும்புத்தூளுக்குப் பதிலாக ஆற்றுமணல் சேருங்கள். கடற்கரை மணல் அருகில் இருக்கிறதே என்று அள்ளிவர வேண்டாம், அதிலுள்ள உப்பு வேரைக் கெடுக்கும். தும்புத்தூளிலும் உப்பு இருக்கலாம். இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே பயன்படுத்துங்கள்.

உப்பு விடயம் இங்கே கொஞ்சம் கவனிக்கத்தக்கது. உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளி போன்ற கடலோரப் பகுதிகளில் உங்கள் கிணறு கோடையில் உவர்த்தால், அந்த நீரைத் தொடர்ந்து விட்ட மண்சாடியின் வெளிப்புறத்தில் வெள்ளைப் பூச்சுப் படியும், சிலந்திச் செடியின் இலைநுனி பழுப்பாகும். குழாய்நீரோ சேமித்த மழைநீரோ இருந்தால் அதையே விடுங்கள்; இல்லாவிட்டால் மாதம் ஒருமுறையேனும் மழைநீரை அடித்துளையால் ஓடும் வரை ஊற்றி உப்பைக் கழுவிவிடுங்கள். கடலைப் பார்த்த யன்னலில் நிற்கும் செடிகளின் இலைகளையும் அதேபோலக் கழுவ வேண்டும். உப்புப் போடாத அரிசி கழுவிய தண்ணீரை அன்றன்றே விடலாம், புளிக்கவிட்டால் சிறு ஈக்கள் மொய்க்கும். மீன் கழுவிய தண்ணீர் முற்றத்துத் தென்னைக்கு உரியது.

தண்ணீர் விடும் நாளை நாட்காட்டி தீர்மானிக்கக் கூடாது. விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் செலுத்திப் பார்த்து, ஈரம் தெரிந்தால் அன்று தண்ணீர் விட வேண்டாம். சாடியைத் தூக்கிப் பார்த்தும் அறியலாம். தண்ணீர் விட்ட அன்றைய பாரம் கைக்குப் பழகிவிட்டால், காய்ந்த சாடி தானாகவே தெரிந்துவிடும்.

போத்தல் தண்ணீரில் மணிபிளாண்ட் வளர்க்கிறவர்களும், சாடிக்கு அடித்தட்டு வைக்கிறவர்களும் டெங்கை மறந்துவிடக் கூடாது. ஈடிஸ் நுளம்பு இத்தகைய தெளிந்த, தேங்கிய நீரில்தான் முட்டையிடும். முட்டை நுளம்பாக மாற ஒரு வாரம் போதும். முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருந்து, காய்ந்த பிறகும் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கக்கூடியவை என்பதால், தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது, போத்தலின் உட்புறத்தையும் தூரிகையால் உரசிக் கழுவ வேண்டும். வாரத்தில் இரண்டு நாட்களை இதற்கென ஒதுக்க முடியாவிட்டால், செடியை மண்ணுக்கு மாற்றிவிட்டு, அடித்தட்டில் மணல் நிரப்பிவிடுங்கள். மாரி மாதங்களில் இதில் எந்தச் சலுகையும் கொடுக்க முடியாது.

வெண்மூட்டுப்பூச்சி கண்ணில் பட்டால், உண்ணாத செடியாயின் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் தோய்த்த பஞ்சால் ஒவ்வொன்றாகத் தொட்டு நீக்குங்கள். உண்ணும் செடியாயின் பாதித்த கிளையை வெட்டிவிட்டு, மீதியைத் தண்ணீரால் பீய்ச்சிக் கழுவுங்கள். எறும்பு சாடியைச் சுற்றி வந்தால் பூச்சி எங்கோ இருக்கிறது என்று பொருள், தேடிப்பாருங்கள்.

கச்சான் காலத்தில் சில நாட்கள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போக நேர்ந்தால், புறப்படும் காலையில் ரம்பை, வல்லாரை, புதினாச் சாடிகளை வாளித் தண்ணீரில் குமிழி வருவது நிற்கும் வரை அமிழ்த்தி எடுத்து, வடியவிட்டு, வெயிலும் காற்றும் படாத உள்ளறைத் தரையில் நெருக்கமாகச் சேர்த்து வையுங்கள். அடித்தட்டுகளைக் கவிழ்த்துவிடுங்கள். மருளும் கற்றாழையும் இருந்த இடத்திலேயே இருக்கலாம்.